‘இருக்கலாம்’ என்று சொல்லும்போது எங்கே வழுக்குகிறோம்?

எது கட்டாயம், எது சாத்தியம் என்று ஆராயும் தர்க்கப் பிரிவுதான் மோடல் லாஜிக். அதன் குறிகளைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. ‘கட்டாயம்’ என்பதற்கு ஒரு சதுரம், ‘சாத்தியம்’ என்பதற்கு ஒரு வைர வடிவம் (◇), சீக்கிரம் பழகிவிடும். ஆட்கள் வழுக்கி விழுவது வேறு இடத்தில்.

முக்கியமாக, நமக்குத் தெரியாததையெல்லாம் சாத்தியக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். 1742-ல் கணிதவியலாளர் கோல்ட்பாக், இன்னொரு கணிதவியலாளரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து வந்த ஊகம் இது: 2-ஐ விடப் பெரிய எந்த இரட்டைப்படை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை. 10 என்றால் 3+7, 28 என்றால் 5+23. இதுவரை யாரும் நிரூபிக்கவும் இல்லை, உடைக்கவும் இல்லை. சரி, அப்போ ‘உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம்’ என்கிறோமே, அது நம் அறிவின் நிலவரம் மட்டும்தான். உண்மையென்றால் அது வேறு மாதிரி இருந்திருக்கவே முடியாது, பொய்யென்றாலும் அப்படியே. ஆக அந்த இரண்டு ‘லாம்’களில் ஒன்று வெறும் காலி டப்பா, எது என்றுதான் தெரியவில்லை. ‘கற்பனை பண்ண முடிகிறதே, அப்புறம் என்ன?’ என்பதும் செல்லாது. ஒரு பேராசிரியர் மேடையேறி ‘இதோ, இந்த இரட்டைப்படை எண் கோல்ட்பாக் ஊகத்துக்கு அடங்கவில்லை’ என்று அறிவிப்பதை நான் தாராளமாகக் கற்பனை செய்வேன், அதனால் அப்படி ஒரு எண் சாத்தியமாகிவிடாது.

அடுத்தது, கட்டாயத்தை இடம் மாற்றி வைப்பது. நாளை ஒரு கடற்போர் நடக்குமா என்ற அரிஸ்டாட்டிலின் உதாரணத்தையே எடுங்கள். ‘நாளை போர் நடக்குமென்றால், நடக்கும்’ என்ற முழு வாக்கியமும் கட்டாயமாக உண்மை, யார் மறுக்கப் போகிறார்கள்? அதிலிருந்து ‘நடக்குமென்றால், அந்தப் போர் தவிர்க்க முடியாதது’ என்று தாவினால் கட்டாயம் பின்பாதிக்கு மட்டும் நகர்ந்துவிட்டது. ‘நடக்கிறது நடந்தே தீரும்’ என்ற பேச்சில் பாதி இந்தத் திருட்டுத்தனம்தான்.

விஷயங்கள் வேறு மாதிரி இருந்திருக்கக்கூடிய ஒரு நிலையை மோடல் லாஜிக்கில் ‘சாத்திய உலகம்’ என்பார்கள். அப்படிச் சொன்னதும் எங்கோ ஒரு கிரகத்தைத் தேடுவதும் வேண்டாம். அவற்றைத் தொலைநோக்கியில் கண்டுபிடிப்பதில்லை, நாமே நிர்ணயிக்கிறோம் என்றார் தத்துவவாதி கிரிப்கி, 1970 பிரின்ஸ்டன் உரைகளில். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜெயித்த நிக்ஸன் அதில் தோற்றிருக்கலாம் என்றால் பேச்சு இந்த நிக்ஸனைப் பற்றித்தான், அவரைப் போன்ற இன்னொருவரைப் பற்றி அல்ல. அந்த உலகங்களும் நம் உலகம் போலவே நிஜம் என்று இன்னொரு தத்துவவாதி டேவிட் லூயிஸ் வாதாடினார்தான், ஆனால் மோடல் லாஜிக் போட அதை ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.