பழைய கடைவீதியை மீட்க அமைப்புகளை ஒன்றுசேர்ப்பது எப்படி?

தமிழகத்தின் நடுத்தர ஊர்கள் பெரும்பாலானவற்றில் கோயில் வாசலை ஒட்டியோ பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியோ ஒரு கடைவீதி இருக்கிறது. பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, நாட்டுமருந்துக்கடை, பூக்கடை என்று மூன்று தலைமுறையாக நடந்த வணிகம், புறவழிச்சாலையில் புதிய வளாகங்கள் எழுந்தபின் மெல்லத் தேய்ந்து, கீழ்த்தளக் கடைகள் மட்டும் திறந்திருக்க மாடிகள் பூட்டிக் கிடக்கும் நிலைக்கு வந்துவிட்டது. இதை மீட்க வேண்டும் என்ற எண்ணம் வணிகர் சங்கம், நகராட்சி, கோயில் நிர்வாகம், மரபுக் கட்டட ஆர்வலர்கள் ஆகிய எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் ஒருவர் செய்யும் வேலை மற்றவருக்குத் தெரிவதில்லை.

எங்கள் ஊர்க் கடைவீதிக் குழுவில் சில ஆண்டுகள் பணியாற்றியபோது இதை நேரில் பார்த்தேன். பெரும்பாடு பட்டு நடைபாதைக்குக் கல் பதித்த ஆறாவது வாரம், குடிநீர்க் குழாய் போடுவதற்காக அதே இடத்தைத் தோண்டினார்கள். தோண்டியவர்கள் தங்கள் வேலையைத்தான் செய்தார்கள். அவர்களை நாங்கள் ஒரு கூட்டத்துக்கும் அழைத்திருக்கவில்லை. பெயர்த்த கற்கள் ஒரு ஷட்டரின் ஓரமாகக் குவிந்து கிடந்தன. அங்கே அமரும் பூக்கார அம்மா பள்ளத்தின் மேல் பலகை போட்டுச் சாக்கை விரித்து, அது பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் அந்தக் கற்களையே பாரமாக வைத்துக்கொண்டு மாலை கட்டிக்கொண்டிருந்தார். பணிகளைத் திட்டமிடுவதற்கு முன்பே, அந்தத் தெருவில் கை வைக்கும் உரிமையுள்ள அத்தனை பேரையும் ஒரே இடத்தில் உட்காரவைக்க வேண்டும் என்பதை அன்று புரிந்துகொண்டேன். அதைச் செய்யும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யாருடைய தெரு என்று எழுதிப் பாருங்கள்

முதலில் தெருவின் எல்லையை முடிவு செய்யுங்கள். முந்நூறு, நானூறு மீட்டருக்கு மேல் வேண்டாம். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்துடன் இருபுறமும் நடந்து, ஒவ்வொரு கதவு எண்ணுக்கும் உரிமையாளர் யார், வாடகைக்கு இருப்பவர் யார், மாடி பயன்படுகிறதா, வாசலில் எந்த நேரத்தில் எந்தத் தரைக்கடை அமர்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் ஒரே தெரு இரண்டு தெருக்களாகத் தெரியும் என்பதால், இரு வேளையும் செல்ல வேண்டும்.

இந்தக் கணக்கெடுப்பில் பலரும் எதிர்பாராத ஒன்று வெளிப்படும். பழைய கடைவீதிகளில் கணிசமான கடைகள் கோயில் மனையில் நிற்கின்றன. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, கோயில் சொத்தை ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விட அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். குறுகிய குத்தகையில் இருக்கும் கடைக்காரர், ஓடு மாற்றவும் மரத்தூணைச் சீர்செய்யவும் தன் கையிலிருந்து பணம் போடத் தயங்குவது இயல்பு. அவரிடம் அழகுணர்ச்சி பற்றிப் பேசிப் பயனில்லை. கோயிலின் செயல் அலுவலரையும் அறங்காவலர்களையும் முதல் கூட்டத்துக்கே அழைத்து, வாடகை நிலுவை, குத்தகைப் புதுப்பிப்பு, பழுதுபார்ப்பு அனுமதி ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பேச வழி செய்ய வேண்டும். வக்பு நிலமாக இருந்தாலும், தனியார் அறக்கட்டளைக்குச் சொந்தமாக இருந்தாலும் இதே கவனம் தேவை.

சாலையோர வியாபாரிகளை முதல் நாளிலேயே சேருங்கள்

மேம்பாடு என்ற சொல்லைக் கேட்டவுடன் தள்ளுவண்டிக்காரர்களும் தரைக்கடைக்காரர்களும் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. தெருவை அழகுபடுத்தும்போது முதலில் அகற்றப்படுவது அவர்கள்தான். ஆனால் கடைவீதிக்குக் கூட்டத்தை வரவழைப்பதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. பூவும் கீரையும் வாங்க வருபவர்தான் பாத்திரக்கடைக்குள் எட்டிப் பார்க்கிறார்.

சட்டமும் அவர்கள் பக்கம் நிற்கிறது. 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் நகர விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கப்படும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்றும் அந்தச் சட்டம் கூறுகிறது. போக்குவரத்துக் காவல், உள்ளாட்சியின் மருத்துவ அலுவலர், வணிகர் சங்கங்கள், குடியிருப்போர் சங்கங்கள், வங்கிகள், தன்னார்வ அமைப்புகள் ஆகியோரும் அக்குழுவில் இடம்பெறுகிறார்கள். அதாவது நீங்கள் தேடும் கூட்டணியில் பாதி ஏற்கெனவே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் ஊரில் அந்தக் குழு கூடுகிறதா என்று நகராட்சியில் விசாரியுங்கள். கூடுவதில்லை என்றால் அதைக் கூட்டவைப்பதே உங்கள் முதல் வேலையாக இருக்கட்டும்.

கூட்டத்தின் நேரம் சிறிய செய்தி போலத் தோன்றினாலும் அதுதான் வருகையைத் தீர்மானிக்கிறது. முற்பகல் பதினொரு மணிக்கு வைத்தால் அதிகாரிகள் வருவார்கள், கடைக்காரர்கள் வரமாட்டார்கள். மாலை ஆறுக்கு வைத்தால் பூக்கடைக்காரர்கள் வர முடியாது. பிற்பகல் இரண்டரைக்கும் நான்குக்கும் இடைப்பட்ட நேரம் எங்களுக்குப் பொருந்தியது. கூட்டக் குறிப்பைத் தமிழில் எழுதி, கலைவதற்கு முன் உரக்கப் படித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர், தான் சொன்னது குறிப்பில் ஏறியிருப்பதைக் காதால் கேட்கும்போது அடுத்த கூட்டத்துக்கும் வருவார்.

வடிவமும் ஆளும்

வெறும் நல்லெண்ணத்தில் தொடங்கிய கூட்டணி, நகராட்சி ஆணையர் மாறியதும் கலைந்துவிடும். அதனால் இரண்டு காகிதங்கள் தேவை. ஒன்று, பங்கேற்கும் அமைப்புகள் கையெழுத்திடும் புரிந்துணர்வு ஒப்பந்தம்; மற்றொன்று, அதை ஏற்றுக்கொண்டு நகர்மன்றம் நிறைவேற்றும் தீர்மானம். தீர்மான எண் இருந்தால், புதிதாக வரும் அதிகாரியிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

பணம் வாங்கிச் செலவிட வேண்டுமென்றால் பதிவு பெற்ற அமைப்பு வேண்டும். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஆனாலும் புதிய சங்கம் தொடங்குவதற்கு நான் அவசரப்படமாட்டேன். ஊரில் ஏற்கெனவே கணக்குத் தணிக்கையுடன் நடக்கும் அறக்கட்டளை ஒன்று இருந்தால், அதன்கீழ் தனி வங்கிக் கணக்குடன் இயங்குவது எளிது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கும்போது வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளையும் முந்தைய ஆண்டுகளின் பணி அனுபவத்தையும் கேட்பார்கள். புதிய சங்கத்தால் உடனே அவற்றைக் காட்ட முடியாது.

இவற்றைவிட முக்கியமானது முழுநேரப் பணியாளர் ஒருவர். அமெரிக்காவில் சிறுநகரங்களின் மையத் தெருக்கள் வெறிச்சோடிய காலத்தில், தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை 1977இல் கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று ஊர்களில் ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. ஊருக்கு ஒரு முழுநேர மேலாளரை அமர்த்தியது அதன் அடிப்படை. 1980இல் தேசிய மெயின் ஸ்ட்ரீட் மையமாக அது வளர்ந்தபோதும் இந்தக் கூறு மாறவில்லை. எல்லோரும் பகுதிநேரமாகப் பார்க்கும் வேலையை யாரும் பார்ப்பதில்லை என்பதே என் அனுபவமும். உள்ளூரைச் சேர்ந்த, கடைக்காரர்களின் பெயர் தெரிந்த, அலுவலகங்களில் கோப்பு எங்கே நிற்கிறது என்று தேடிப் போகத் தயங்காத ஓர் இளைஞரோ பெண்ணோ போதும். அவருடைய ஊதியத்தை ஓராண்டுக்கு உறுதி செய்யாமல் வேறு எதிலும் இறங்க வேண்டாம்.

சிறு நீளத்தில் தொடங்குங்கள்

புதுச்சேரியின் வைசியாள் வீதி நல்ல பாடம். ஆசியா அர்ப்ஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத் திட்டத்தின்கீழ், புதுச்சேரி நிர்வாகமும் மரபுச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும் இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நவ்-சுர்-லோ ஆகிய நகரங்களுடன் கைகோத்து, அந்த வீதியின் தமிழ் வீடுகளின் முகப்புகளை வரிசையாகச் சீரமைத்தன. ஊர் முழுவதும் ஆங்காங்கே ஒரு வீட்டைப் புதுப்பித்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. திண்ணையும் தாழ்வாரமும் ஒரே தொடராக மீண்டதால் தெருவே மாறியது தெரிந்தது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுப் பட்டியலில் அந்த வீதி இடம்பெற்றது.

போக்குவரத்தை மாற்றுவதாக இருந்தால் முதலில் தற்காலிகமாகச் சோதியுங்கள். சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்படுவதற்கு முன்பு, தடுப்புகளை வைத்துத் தெருவின் ஒரு பகுதியை வாகனமின்றி விட்டுச் சோதனை நடத்தினார்கள். வண்டி நிறுத்த இடமில்லையென்றால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்பது கடைக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள அச்சம். அதை வாதத்தால் போக்க முடியாது. பண்டிகை அல்லாத சாதாரண வாரத்தில் இரண்டு நாள் சோதித்து, அந்த நாட்களின் விற்பனை எப்படி இருந்தது என்று கடைக்காரர்களையே சொல்லச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் அதையும் குறிப்பில் எழுதி, திட்டத்தை மாற்றுங்கள்.

பணம்

தமிழக அரசின் நமக்கு நாமே திட்டம் இதற்குப் பொருந்தும். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு தருகிறது. வணிகர் சங்கம் தன் பங்கைச் செலுத்தியிருந்தால், வேலையின் தரத்தைக் கேட்கும் உரிமையும் தானாக வந்துவிடுகிறது. நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களின் சீரமைப்பைச் சமூகப் பொறுப்பு நிதிக்குரிய பணிகளில் சேர்த்திருப்பதால், பழைய மண்டபம், சத்திரம் போன்றவற்றுக்கு அந்த வழியில் கேட்கலாம்.

திறப்பு விழாவுக்கு மறுநாள்

கூட்டணிகள் பெரும்பாலும் இங்கேதான் உடைகின்றன. கட்டுவதற்கு நிதி கிடைக்கும். கூட்டிப் பெருக்குவதற்குக் கிடைக்காது. புதுச்சேரிக் கடற்கரையில் நின்ற, பிரெஞ்சுக் காலத்து நகராட்சி அலுவலகமான பழைய மேரி கட்டடம் பராமரிப்புக்காகக் காத்திருந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில் மீண்டும் கட்டித் திறக்க 2021 ஆயிற்று. ஒழுகும் கூரையை உரிய காலத்தில் அடைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவை நினைத்தால் மனம் கனக்கிறது.

எனவே புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் இணைப்பாக ஒரு பராமரிப்பு அட்டவணை இருந்தே ஆக வேண்டும். எரியாத தெருவிளக்கை மாற்றுபவர், மழைநீர் வடிகாலைப் புரட்டாசிக்குள் தூர்வாருபவர், குப்பைத்தொட்டியை எந்த மணிக்குள் காலி செய்பவர், உடைந்த கல்லை எத்தனை நாளுக்குள் மாற்றுபவர் என்று ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான அமைப்பும் அங்குள்ள பதவியும் தொலைபேசி எண்ணும் எழுதப்பட வேண்டும். நபரின் பெயரை மட்டும் எழுதினால் மாற்றலானதும் அது வீணாகிவிடும். குடிநீர், மின்வாரியம், தொலைத்தொடர்பு ஆகிய மூன்று தரப்பும் தோண்டுவதற்கு முப்பது நாள் முன்பு குழுவுக்குத் தெரிவிக்கவும், தோண்டியதை அதே கல்லால் மூடவும் ஒப்புக்கொள்ளும் வரியை அதில் கட்டாயம் சேருங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி தாமதமாகத்தான் சேர்ந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே கிழமையில் அதே நேரத்தில், திறந்திருக்கும் கடைகள், பூட்டிய மாடிகள், அமர்ந்திருக்கும் தரைக்கடைகள் ஆகியவற்றை எண்ணி, அந்தத் தாளைத் தெருமுனைத் தேநீர்க்கடைச் சுவரில் ஒட்டுங்கள். எண்ணும் பொறுப்பைக் கடைக்காரர் ஒருவரும் தரைக்கடைக்காரர் ஒருவரும் சேர்ந்து ஏற்கட்டும்.