ஃபார்மேட் அடிக்காதீர்கள்: அலுவலகங்கள் தவிர்க்க வேண்டிய சைபர் தவறுகள்

சென்னை தம்பு செட்டித் தெருவில் ஒரு ஃபிரைட் ஃபார்வர்டிங் அலுவலகம்; சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பவும் வரவழைக்கவும் ஏற்பாடு செய்பவர்கள். வெளிநாட்டு ஏஜென்ட்டிடமிருந்து வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மெயில் வர, நம்பிப் பணம் அனுப்பிவிட்டார்கள். நான் போய் மெயில் செட்டிங்கைத் திறந்தால், அங்கே அலுவலகத்தில் யாரும் வைக்காத ஒரு ரூல், அதாவது வரும் மெயிலைத் தானாகப் பிரித்து அனுப்பும் கட்டளை. 'இன்வாய்ஸ்' என்ற சொல் உள்ள மெயில் எல்லாம் கண்ணில் படாத ஃபோல்டருக்கு ஒதுங்கி, ஒரு நகல் வெளியே போய்க்கொண்டிருந்தது.

எச்சரிக்கை வராமல் இல்லை. 'புதிய இடத்திலிருந்து லாகின்' என்று அன்றைக்கே வந்திருக்கிறது, எப்போதோ வேலையை விட்டுப் போனவரின் மெயிலுக்கு. மண்ணடி, ராயபுரம் பக்கம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். ஆன்டிவைரஸ் வாங்குகிறார்கள், ஃபயர்வால் வைக்கிறார்கள். அது கத்தும்போது காது கொடுக்க ஆள் வைப்பதில்லை. தினம் காலையில் பத்து நிமிடம் அலர்ட்டைப் பார்ப்பது இன்னாருடைய வேலை என்று பெயர் குறித்துக் கொடுங்கள்.

அடுத்தது, பதறிப்போய் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்வது. திருடன் எந்த வழியாக வந்தான் என்கிற தடயமும் அதோடு போய்விடும். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள், மெஷினை அப்படியே விடுங்கள். லாக் விஷயமும் இப்படித்தான்; யார், எப்போது உள்ளே வந்தார்கள் என்று கருவிகள் எழுதிவைக்கும் பதிவு அது. ரௌட்டர் இடம் நிரம்பியதும் பழையதை அழித்துவிடும், தனியாகச் சேமிக்க வேண்டும். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும். தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். போன பணம் கை மாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு.

அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) பரவியபோது, அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. பேக்கப் டிஸ்க்கை எப்போதும் சொருகியே வைக்காதீர்கள், ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

கடைசியாக, தவறு செய்த பையனைத் திட்டுவது. அந்த அலுவலகத்தில் போலி லிங்க்கில் பாஸ்வேர்டைப் போட்ட பையனுக்கு அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கிறது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பத்து நாள் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால், பாஸ்வேர்டை மாற்றி, திறந்திருந்த லாகின் எல்லாவற்றையும் வெளியேற்றி, அந்த ரூலையும் அழிக்க அரை மணி நேரம் போதும். பணம் அனுப்பியது ஒன்பதாம் நாள்.