மரத்தரை போடும் முன் கீழே இருக்கும் தரையை எப்படித் தயார் செய்வது?

யூடியூபில் வரும் அமெரிக்க வீடியோக்களில் மரத்துக்குக் கீழே இருக்கும் தரையே பெரும்பாலும் ப்ளைவுட்தான், ஆணி அடித்துக்கொண்டே போவார்கள். சென்னையில் நமக்குக் கீழே இருப்பது கான்கிரீட், அதன் மேல் மொசைக்கோ டைல்ஸோ. அதனால் அந்த முறையை அப்படியே செய்யாதீர்கள். இங்கே முதல் எதிரி ஈரம்.

அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் ஷீட்டைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு மூன்று நாள் விடுங்கள்; டைல்ஸ் என்றால் இணைப்புக் கோடுகள் ஷீட்டின் நடுவில் வரட்டும், ஏனென்றால் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ வேலையை நிறுத்திவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். நான் முதல் அறையில் இதைச் செய்யாமல் விட்டேன். குளியலறைச் சுவரை ஒட்டிய நாலு பலகை ஓரம் தூக்கி, படகு மாதிரி ஆகிவிட்டது! புதுக் கான்கிரீட் என்றால் ஒரு அங்குல கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் காய விட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம் என்பேன்.

அடுத்து கரையான், முக்கியமாகத் தரைத்தளத்தில். சுவரோரம் துளை போட்டு மருந்து இறக்குவார்கள், அதனால் மட்டம் செய்வதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இப்போது மட்டம். நம் கொத்தனார்கள் கழுவிவிட வசதியாகத் தரைக்கு லேசாக வாட்டம் வைத்திருப்பார்கள், ரசமட்டம் சாய்ந்து காட்டும், பயப்பட வேண்டாம். மேடு பள்ளம்தான் பிரச்சினை. பத்தடி மட்டக்கட்டையைப் பல திசைகளில் வைத்துப் பாருங்கள், அடியில் 5 மிமீக்கு மேல் இடைவெளி தெரிந்தால் சரி செய்தே ஆக வேண்டும். மேட்டை கிரைண்டரில் தேய்க்கலாம் (மாஸ்க் இல்லாமல் தொடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது). பள்ளத்துக்கு ப்ரைமர் அடித்து செல்ஃப் லெவலிங் காம்பவுண்ட் (தானே பரவி மட்டமாகும் கலவை) ஊற்றுங்கள். தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும் டைல்ஸை அதற்கு முன்பே பெயர்த்து, அந்த இடத்தைக் கலவை வைத்து நிரப்பிவிடுங்கள்.

எல்லாம் காய்ந்ததும் சுத்தமாகப் பெருக்கி 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட் விரியுங்கள். ஒன்றன் மேல் ஒன்று எட்டு அங்குலம் ஏறட்டும், சுவரிலும் இரண்டு அங்குலம் மடித்து ஏற்றுங்கள். இது ஆணி அடிக்கும் முறைக்கும் மிதக்கும் முறைக்கும்தான் (பலகைகளைத் தரையோடு பிணைக்காமல் ஒன்றோடொன்று கோத்து விடுவது); பசை போட்டு ஒட்டுவதென்றால் ஷீட் கிடையாது, அந்தப் பசைக்கு ஏற்ற ஈரத்தடுப்புப் பூச்சு வேண்டும். ஆணி அடிக்கும் அசல் மரமென்றால் மேலே 18 மிமீ பிடபிள்யூபி (கொதிநீரையும் தாங்கும் ரகம்) ப்ளைவுட், ப்ளைவுட் ஷீட்டுகளுக்கு நடுவே 3 மிமீ, சுவரோரம் அரை அங்குலம் இடைவெளி.

அப்புறம் கதவு. ப்ளைவுட்டும் மரமும் சேர்ந்தால் தரை ஒரு அங்குலத்துக்கு மேல் உயர்ந்துவிடும், எல்லாக் கதவையும் ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். அடியை அறுக்க ஆசாரியை மரம் வந்து இறங்குவதற்கு முன்பே கூப்பிடுங்கள், இல்லையென்றால் அந்தத் தூளையும் நீங்கள்தான் மறுபடி பெருக்க வேண்டும்.