எக்கோ ரிப்போர்ட்டில் 60% என்றால் பயப்படணுமா? ஒரு சாஸ் பாட்டிலை வைத்து நீங்களே கணக்குப் போடலாம்

தோவாளையில் பூக்கட்டும் அக்கா ஒருவர் போன வாரம் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்க வந்திருந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. "மக்கா, நூத்துக்கு அறுவதுதானா? பாக்கி நாப்பது எங்க போச்சு?" என்று கேட்டார். நாகர்கோவிலில் பத்து வருடமாக எக்கோ அறையில் வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதைச் சொல்லும் எண் இது. அறுபது நல்ல எண். ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: நாடி எண்ணுங்கள்

ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக மறுகையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் தொட வேண்டாம். அதற்கே ஒரு துடிப்பு உண்டு, எண்ணிக்கை குழம்பும். 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். விட்டுவிட்டுத் துடித்தால் முழு நிமிடமும் எண்ணி, டாக்டரிடம் சொல்லுங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. சிதறால் மலை ஏறிய உடனே எண்ணினால் கூடத்தான் இருக்கும்.

இரண்டாம் படி: கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள்

கிணறு உள்ள வீட்டில் ஃபுட் வால்வு தெரியாதவர் இருக்க மாட்டார். மோட்டாரை நிறுத்தினாலும் குழாயில் ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்க விடாது. இதயத்தில் இப்படி நான்கு வால்வுகள். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் லப்-டப், இந்த வால்வுகள் மூடும் சத்தம்தான்.

வலது பக்கம் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. நுரையீரல் பக்கத்திலேயே இருப்பதால் அழுத்தம் 25 அளவுக்கு இருந்தால் போதும். இடது கீழறைக்கு வேலை அதிகம். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அதுதான் அனுப்ப வேண்டும். பி.பி. 120/80 என்கிறோமே, அந்த 120 இடது கீழறை பிழியும்போது வரும் அழுத்தம். அதனால்தான் அதன் சுவர் அவ்வளவு தடிமன்.

மூன்றாம் படி: பாட்டிலைப் பிழியுங்கள்

வாய் சிறுத்த, அமுக்கினால் குழையும் சாஸ் பாட்டில் ஒன்று எடுங்கள். 120 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். இதுதான் நம் இடது கீழறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்லிக் கோடு போட்ட பால்புட்டிக்குள் கவிழ்த்து, ஒரே ஒரு தடவை அமுக்கிவிட்டு உடனே நிமிர்த்துங்கள். எவ்வளவு வந்தது? 70 மில்லி வந்திருந்தால் 50 மில்லி உள்ளேயே இருக்கும். 70-ஐ 120-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 58. ரிப்போர்ட்டில் இ.எஃப். என்று போட்டிருப்பது இந்தக் கணக்குதான். நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை பங்கு வெளியே போனது, அவ்வளவே. அக்கா தேடிய நாற்பது எங்கும் போகவில்லை, அடுத்த துடிப்புக்காக உள்ளேயே நிற்கிறது. எந்த இதயமும் முழுக்கக் காலியாவதில்லை.

இப்போது 70 மில்லியை 72 துடிப்பால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர். ஒரு நாளைக்கு 7,200 லிட்டர், அதாவது மொட்டை மாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் டேங்க் ஏழு நிறைந்து மிச்சமும் இருக்கும். ஒரு கைமுட்டி அளவு தசை இதைச் செய்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

நான்காம் படி: ரிப்போர்ட்டைத் திறங்கள்

குளச்சல், முட்டம் பக்கத்துக்காரர்களுக்கு எக்கோ சவுண்டர் தெரியும். ஒலியைக் கடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும். நெஞ்சில் ஜெல் தடவி வைக்கும் கருவிக்கும் அதே வித்தைதான். 1953-ல் சுவீடனில் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இருவர் முதலில் இதயத்தை இப்படிப் பார்த்தபோது, கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தைச் சோதிக்க வைத்திருந்த கருவியைத்தான் பயன்படுத்தினார்கள். இ.சி.ஜி. வேறு. அது மின்னோட்டத்தைக் காட்டும், பிழியும் அளவைக் காட்டாது.

இ.எஃப். 50-ம் அதற்கு மேலும் என்றால் பொதுவாகச் சரி. 41 முதல் 49 வரை லேசான குறைவு. 40-ம் அதற்குக் கீழும் என்றால் நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனாலும் மருந்தால் ஏறி வந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், 'நோ ஆர்.டபிள்யூ.எம்.ஏ.' என்று ஒரு வரி இருக்கும். இதைப் படித்துவிட்டு என்னவோ இல்லையாம் என்று பதறுகிறார்கள். இதயச் சுவரில் எந்தப் பகுதியின் அசைவிலும் கோளாறு இல்லை என்று பொருள். சந்தோஷப்பட வேண்டிய வரி அது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அறுபது இருக்கிறதே என்று மூச்சுத்திணறலையும் கால் வீக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். தசை விறைத்துப்போன இதயத்தில் ரத்தம் 80 மில்லிதான் நிறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 48 வெளியே போனாலும் கணக்கில் 60 சதவீதமே வரும். ஆனால் உடம்புக்குக் கிடைப்பது 70 இல்லை, 48. அதே மாதிரி, நெஞ்சை அமுக்குவது போல வலி வந்தால் கணக்கெல்லாம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த தடவை எக்கோவுக்கு வரும்போது பழைய ரிப்போர்ட்டையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். எடுப்பவர் கையைப் பொறுத்து சில புள்ளிகள் முன்னே பின்னே வரலாம். 60 இருந்தது 57 ஆனால் ஒன்றுமில்லை. 65 இருந்தவருக்கு 52 என்றால், எண் இன்னும் சரியான அளவுக்குள் இருந்தாலும், டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.