பழைய ஹெட்ஃபோன் வாங்குவது: டிரைவர் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

பழைய ஹெட்ஃபோனில் எளிதில் மாற்ற முடியாத பாகம், ஒலியை எழுப்பும் டிரைவர் ஒன்றுதான். குஷன், கேபிள், சொருகும் பின், தலைப்பட்டை எல்லாவற்றுக்கும் மாற்று கிடைக்கும். கிடைக்காவிட்டால் கையால் செய்துகொள்ளலாம். டிரைவரின் காயில் (கம்பிச்சுருள்) அறுந்துவிட்டால், அதே மாடலில் இன்னொன்றைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் மேல்பக்கத்துப் பளபளப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள். குஷன் கிழிந்து, டிரைவர் நன்றாக இருக்கும் ஹெட்ஃபோன்தான் மலிவாக வாங்க ஏற்றது.

விலை பேசுவதற்கு முன் கேட்கும் விலையோடு ஒரு ஜோடி குஷன், கேபிள் அல்லது அடாப்டர், தபால் செலவு ஆகியவற்றைக் கூட்டுங்கள். 1984-இல் வந்த கோஸ் போர்ட்டா புரோவும், 55 ஓம் மின்தடையுள்ள ஏகேஜி கே240 ஸ்டுடியோவும் புதிதாகவே விற்பனையில் இருந்துவரும் மாடல்கள். கூட்டுத்தொகை அவற்றின் விலையைத் தொட்டால், அந்தப் பழைய மாடலின் ஒலிதான் வேண்டும் என்றால் ஒழிய, விட்டுவிடுவதே நல்லது.

எதில் சொருகப் போகிறீர்கள்?

இதை முடிவு செய்யாமல் வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு 1 மில்லிவாட் போய்ச் சேர 0.18 வோல்ட் போதும். 600 ஓமுக்கு 0.775 வோல்ட் வேண்டும், 2000 ஓமுக்கு 1.41 வோல்ட். போனில் ஹெட்ஃபோனை இணைக்கும் சிறு டாங்கிள்கள் பல 0.5 முதல் 1 வோல்ட் வரைதான் தரும்.

ஆனால் ஓம் மட்டும் முழுக்கதை சொல்லாது. 1968-இல் வந்த சென்ஹைசர் எச்டி 414 பின்பக்கம் திறந்த ஹெட்ஃபோன்களுக்கு வழிகாட்டியது. அது 2000 ஓம் என்றாலும், கிடைக்கும் கொஞ்ச மின்திறனிலேயே நல்ல சத்தம் தரும். 600 ஓம் ஏகேஜி கே240 வகைகளுக்கு உணர்திறன் குறைவு, அதாவது அதே மின்திறனில் சத்தம் குறைவு. போனில் சொருகினால் மெலிவாகக் கேட்கும். பழி ஹெட்ஃபோன் மேல் விழும், குறையோ போனுடையது.

வீட்டில் 1970-களின் ஸ்டீரியோ ஆம்ப் இருந்தால் கவலையில்லை. அவற்றில் பெரும்பாலும் ஸ்பீக்கர் வெளியீட்டிலிருந்தே சில நூறு ஓம் ரெசிஸ்டர் வழியாக ஹெட்ஃபோன் ஜாக்குக்கு இணைப்பு போகும். 600 ஓம் மாடல்களுக்கு அது பொருத்தம். அதே ஜாக்கில் 60 ஓம் சாதாரண டைனமிக் ஹெட்ஃபோனைப் போட்டால் 100 ஹெர்ட்ஸை ஒட்டி பேஸ் (அடி ஒலி) ஊதிப்போகும், ஏனென்றால் அந்த இடத்தில்தான் டிரைவரின் இம்பீடன்ஸ் (அந்த அதிர்வெண்ணில் உள்ள மின்தடை) எகிறுகிறது. 1976-இன் யமஹா எச்பி-1 போன்ற ஆர்த்தோடைனமிக் வகைகளில் இந்தத் தொல்லை வராது. அவற்றில் காயில் மெல்லிய படலத்தின் மேலேயே பதிக்கப்பட்டிருப்பதால் இம்பீடன்ஸ் கிட்டத்தட்ட சமமாகவே இருக்கும்.

மல்டிமீட்டரும் ஒரு மோனோ பாட்டும்

ஜப்பானில் ஹார்ட் ஆஃப் என்ற பழைய பொருள் கடைகளில் 'ஜங்க்' என்று ஒதுக்கி வைத்திருப்பவை எல்லாம் கெட்டுப்போனவை அல்ல. உத்தரவாதம் கிடையாது, திருப்பித் தர முடியாது என்பதுதான் அதன் பொருள். அப்படிப்பட்ட இடத்துக்கு மல்டிமீட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

பின்னின் நுனிக்கும் அடிக்கும் இடையே அளந்தால் இடது பக்கம், நடு வளையத்துக்கும் அடிக்கும் இடையே வலது. எழுதியிருக்கும் ஓமை விட அளவு சற்றுக் குறைவாகக் காட்டும்; அது சரிதான். இரு பக்கமும் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். மீட்டர் முனை பட்டதும் காதில் சன்னமாக 'டிக்' என்று கேட்டால் டிரைவர் உயிரோடு இருக்கிறது. ஒரு பக்கம் இணைப்பே காட்டவில்லையா? உடனே கீழே வைத்துவிடாதீர்கள். கேபிளைப் பின்னை ஒட்டியும், காதுக் கிண்ணத்துக்குள் நுழையும் இடத்திலும் மெல்ல வளைத்தபடியே அளந்து பாருங்கள். பெரும்பாலும் அறுவது அங்கேதான். எச்டி 414-இல் இரு பக்கக் கேபிளும் தனித்தனியாகக் கழன்று வரும். இடம் மாற்றிச் சொருகுங்கள்: குறை மறுபக்கத்துக்குப் போனால் கேபிள், போகாவிட்டால் டிரைவர்.

பிறகு மோனோவாகவே பதிவான பழைய திரைப்பாடல் ஒன்றைப் போடுங்கள். குரல் தலைக்கு நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் சத்தம் கூடுதல். நடுவே நிற்காமல் கலைந்து, பேஸும் காணாமல் போனால், ஒரு பக்கத்தில் கம்பி தலைகீழாக இணைந்திருக்கிறது. அடுத்து 20-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒலியைக் குறைந்த வால்யூமில் விடுங்கள். 'சர்ர்' என்று உறுமினால் டயாஃப்ரத்தின் (டிரைவரில் அதிரும் மெல்லிய படலம்) மேல் முடியோ குப்பையோ இருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பி அடியும் இதைக் காட்டிக்கொடுக்கும்.

இணையத்தில் வாங்குவதானால் குஷனைக் கழற்றிய படம், பின்னின் படம், மீட்டர் அளவு மூன்றையும் கேளுங்கள். ஜெர்மன் மாடல்களில் பழைய ஐந்து முனை டின் (DIN) வகைப் பின் இருக்கலாம், அதற்கு அடாப்டர் கணக்கில் வர வேண்டும். கே240-இல் தலைப்பட்டையைத் தூக்கிப் பிடிக்கும் எலாஸ்டிக் தொய்ந்திருக்கும். அதைப் பெரிய குறையாக எடுக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும்

முதல் வேலை பழைய ஃபோம். பாலியூரிதேன் ஃபோம் காற்றின் ஈரத்தில் சிதைந்துவிடும். தொட்டால் மஞ்சளோ கறுப்போ பிசுபிசுப்பான தூளாக விரலில் ஒட்டும். காதுக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்து, மென்மையான தூரிகையால் தூள் கீழே விழும்படி தட்டிவிடுங்கள். வாக்குவம் கிளீனர் கூடவே கூடாது: இழுவிசையில் டயாஃப்ரம் குழிந்துவிடும். இடுக்கி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், இரும்பு என்றால் காந்தம் வெடுக்கென்று இழுத்து டயாஃப்ரத்தில் குத்திவிடும்.

டிரைவரின் பின்னால் ஒட்டியிருக்கும் மெல்லிய துணி அல்லது காகித வட்டத்தைப் பழைய குப்பை என்று பிய்த்து எறியாதீர்கள். காற்றோட்டத்தை அடக்கி பேஸை ஒழுங்கில் வைப்பதே அதுதான். குஷனின் தடிமனும் ஒலியின் ஒரு பகுதி. மூலத்தைவிட மெல்லிய குஷன் போட்டால் டிரைவர் காதுக்கு நெருங்கி ஒலி மாறும். விளிம்பு சரியாகப் படியாவிட்டால் மூடிய வகைகளில் பேஸ் ஒழுகிப்போகும்.

கேபிள் மாற்றும்போது ஒரு சிக்கல் உண்டு. உள்ளே இருக்கும் முடி போன்ற வண்ணக் கம்பிகளின் மேல் எனாமல் பூசியிருக்கும், கூடவே நைலான் நூலும் வரும். எனாமல் எரிந்து போகாமல் ஈயம் பிடிக்காது. ஈயம் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் தடவி, ஈயம் வெள்ளியாக ஓடிப் பரவும்வரை கம்பி நுனியைத் தனியாகச் சூடாக்குங்கள். அதன் பிறகே டிரைவர் முனையில் வைத்து இரண்டு, மூன்று விநாடிக்குள் முடிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் முனையைச் சுற்றிய பிளாஸ்டிக் இளகி, காயிலிலிருந்து வரும் மெல்லிய கம்பி அறுந்துவிடும்.

கேட்கும்போது, பின்பக்கம் திறந்த பழைய மாடல்களில் அடி பேஸ் மெலிவாகத்தான் இருக்கும். ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபல் ஏற்றிப் பாருங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் மொத்த வால்யூமைக் குறைத்துவிட்டு ஏற்றுங்கள். உறுமல் கேட்கத் தொடங்கினால் ஒரு படி பின்வாங்குங்கள்.