ரெய்டு தொகுப்பைப் பெரிதாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாணப் படங்கள் எடுக்கும் நண்பர் ஒருவரின் நேஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) நான்கு 4 டெராபைட் ஹார்டு டிஸ்க்குகள்; ஒன்று பழுதானாலும் தரவு போகாதபடி அவற்றை ஒரே தொகுப்பாக்கும் ரெய்டு 5 முறை. இடம் நிறைந்ததும் 8 டெராபைட் டிஸ்க் ஒன்றை வாங்கிவந்து, பழையது ஒன்றைக் கழற்றிவிட்டுப் பொருத்தினார். இரவெல்லாம் விளக்கு மினுக்கி ஓய்ந்தபின் திரையைப் பார்த்தால் அதே 12 டெராபைட். டிஸ்க் பழுது என்று கடைக்குக் கிளம்பிவிட்டார்.

பழுது எதுவுமில்லை. ரெய்டு 5 எல்லா டிஸ்க்குகளையும் அவற்றில் சிறியதன் அளவாகவே கணக்கிடும். அதிலும் ஒரு டிஸ்க்கின் அளவு பாரிட்டிக்கு, அதாவது பழுதான டிஸ்க்கின் தரவை மீட்க உதவும் கூடுதல் தகவலுக்கு, போய்விடும். நான்கையும் மாற்றும்வரை ஒரு பைட்கூட அதிகரிக்காது. சினாலஜி நிறுவன நேஸ் பெட்டிகளில் உள்ள, வெவ்வேறு அளவு டிஸ்க்குகளைக் கலக்கவிடும் எஸ்ஹெச்ஆர் முறையில் இரண்டு பெரிய டிஸ்க்குகள் சேர்ந்ததுமே கொஞ்சம் இடம் கிடைக்கும்; ஆனால் ஏற்கெனவே உள்ள ரெய்டு 5-ஐ எஸ்ஹெச்ஆருக்கு மாற்ற வழியில்லை.

சரி, ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம் என்று இறங்குவதுதான் எனக்கு மிகவும் அச்சம் தரும் தவறு. ஒவ்வொரு முறையும் மற்ற மூன்றையும் முழுக்கப் படித்துத்தான் புதியது நிரப்பப்படுகிறது. நொடிக்கு 150 மெகாபைட் என்று வைத்தாலும் 4 டெராபைட்டுக்கு ஏழரை மணி நேரம். அதற்குள் இன்னொன்று நின்றால் எல்லாம் போயிற்று. ஒரே நாளில் வாங்கி, ஒரே அளவு ஓடித் தேய்ந்த டிஸ்க்குகள் அவை. பேக்கப் எடுக்காமல் தொடவே தொடாதீர்கள். புதிய டிஸ்க் எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதும்) வகையா என்றும் பாருங்கள். தொடர்ந்து எழுதும்போது அது மிகவும் மந்தமாகிவிடும். நேஸுக்கென்றே விற்ற சில வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் டிஸ்க்குகளும் அந்த வகை என்பது 2020-ல்தான் வெளியே தெரிந்தது.

நான்கையும் மாற்றியபின்னும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. தொகுப்பு வளர்ந்தால் அதன்மேல் இருக்கும் கோப்பு முறைமை (கோப்புகளை டிஸ்க்கில் ஒழுங்குபடுத்தும் அமைப்பு) தானாக வளர்ந்துவிடாது. 64 பிட் வசதி இல்லாமல் உருவாக்கிய பழைய எக்ஸ்ட்-4 கோப்பு முறைமை, 4 கிலோபைட் பிளாக்குகளுடன் 16 டெபிபைட்டில் நின்றுவிடும். அதாவது ஏறக்குறைய 17.6 டெராபைட். நான்கு 8 டெராபைட் டிஸ்க்குகள் தருவதோ 24 டெராபைட்.

இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் பயன்படுத்துபவர்களுக்கு: 2025 ஜனவரியில் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3 முதல் அதன் சொந்த ரெய்டு வகையான ரெய்டு-இசட்டில் ஒவ்வொரு டிஸ்க்காகச் சேர்க்கலாம். ஆனால் ஒற்றைப் பாரிட்டியை இரட்டையாக மாற்ற முடியாது. அதைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்துவிடுங்கள்.

நண்பரிடம் வேறு வழி சொன்னேன். முதலில் பெரிய வெளி டிஸ்க்கில் படங்கள் அனைத்தையும் நகலெடுத்து, பத்து ஆல்பங்களைத் திறந்து சரிபார்த்தோம். பிறகு நான்கு 8 டெராபைட் டிஸ்க்குகளில் புதிதாகத் தொகுப்பு அமைத்துப் படங்களைத் திரும்ப ஏற்றினோம். கழற்றிய மூன்று பழைய டிஸ்க்குகளிலும் எந்த அறையில் இருந்தது என்று எண் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறார். ஒன்று குறைந்தாலும் அந்த மூன்றைக் கொண்டே பழைய தொகுப்பை இன்னும் திறக்க முடியும்.