வேர்ல்ட்கான்: நடத்துகிறவர்களும் போகிறவர்களும் செய்யும் தவறுகள்

உலக அறிவியல் புனைகதை மாநாடான வேர்ல்ட்கான், 1939இல் நியூயார்க்கில் சுமார் 200 பேர் கூடியதில் தொடங்கியது. போர்க்காலத்தில் 1942 முதல் 1945 வரை நடக்கவில்லை. மற்றபடி வருடா வருடம் ஊர் மாறி ஊர் நடந்துகொண்டே இருக்கிறது. அறிவியல் புனைகதை, கனவுருப்புனைவுப் படைப்புகளுக்கான ஹியூகோ விருதுகள் இங்கேதான் கொடுக்கப்படுகின்றன. இப்போதெல்லாம் ஐந்து நாள், பல ஆயிரம் பேர், ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து அறைகளில் நிகழ்ச்சி என்று பெரிதாகிவிட்டது. ஆனால் தலைவரிலிருந்து வாசலில் அடையாள அட்டை பார்ப்பவர் வரை நடத்துகிற எல்லாரும் தன்னார்வலர்கள். பகலில் வேறு வேலை, ராத்திரியிலும் வார இறுதியிலும் இது.

நிரந்தர அலுவலகமும் கிடையாது. ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு குழு, ஒவ்வொரு ஊர். போன குழு பட்டுத் தெரிந்துகொண்டது அடுத்த குழுவுக்குத் தானாக வந்து சேர்வதில்லை. அதனால் அதே தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. என் கணிப்பில், இங்கே பணத்தைவிடப் பெரிய தட்டுப்பாடு ஆளுக்குத்தான்; அதிலும் ஆளின் தெம்புக்கு. நடத்துகிறவர்கள் சறுக்குவதும் போகிறவர்கள் சறுக்குவதும் பெரும்பாலும் இதைக் கணக்கில் எடுக்காததால்தான்.

நடத்துகிறவர்கள் பக்கம்

எந்த ஊரில் நடக்கும் என்பதைச் சந்தா கட்டிய உறுப்பினர்கள் இரண்டு வருடம் முன்பே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். அந்த வாக்கைக் கேட்டு ஒரு குழு அதற்கும் பல வருடம் முன்பே அலையத் தொடங்கிவிடும். ஆக, ஒருவர் இதில் இறங்கினால் நான்கைந்து வருடம் போய்விடும். அதற்குள் வேலை மாறும், குழந்தை பிறக்கும், வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போகும். இது தெரிந்தும், எல்லாக் குழுவிலும் கல்யாண வீட்டில் மொத்தச் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் பெரியப்பா மாதிரி ஒருவர் இருப்பார். இணையதளக் கடவுச்சொல் அவரிடம், ஹோட்டலோடு பேசுவது அவர், பேச்சாளர் பட்டியல் அவருடைய மின்னஞ்சலில். அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் மாநாடே படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு துணை ஆள், குழுவில் எல்லாரும் பார்க்கும்படி பொதுவான கோப்பு, விலக நினைப்பவர் சங்கடமில்லாமல் விலக ஒரு வழி: இந்த மூன்றும் முதல் மாதத்திலேயே இருக்க வேண்டும். நடுவில் ஏற்படுத்திக்கொள்ளலாம் என்றால் அதற்கு நேரம் வராது.

அடுத்தது நிகழ்ச்சி நிரல். ஊர் உலகத்துக்குத் தெரிகிற மாதிரி கெட்டுப்போவது இதுதான். 2018இல் சான் ஹோசேயில் ஆகஸ்டில் மாநாடு. ஜூலை இறுதியில் உத்தேச நிரல் வெளியானதும் கொந்தளிப்பு. அந்த வருட ஹியூகோ இறுதிப் பட்டியலில் இருந்தவர்கள் சிலருக்கே மேடை இல்லை. புதிதாக எழுத வந்த பலர் விடுபட்டிருந்தார்கள். ஒருவருடைய அறிமுகக் குறிப்பை அவரைக் கேட்காமலே மாற்றியிருந்தார்கள். சிலர் தாங்களாகவே விலகினார்கள். கடைசியில் எழுத்தாளர் மேரி ராபினெட் கோவல் உதவிக்கு வர, நிரலைக் கலைத்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். மாநாட்டுக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது இதைச் செய்வது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். பழக்கப்பட்ட பெயர்களை முதலில் நிரப்பிவிட்டு மிச்சம் இருக்கும் இடத்தில் மற்றவர்களைச் செருகுவது வேலையைக் குறைக்கும் என்று தோன்றும். ஆனால் அறைக்கு வந்து உட்காரப் போகிறவர்கள் அந்த வருடம் எதைப் படித்தார்களோ அதை எழுதியவர்களைத்தான் தேடுவார்கள்.

ஆள் போதாதபோது இயந்திரத்திடம் ஒப்படைக்கும் ஆசையும் வரும். 2025இல் சியாட்டிலில் அதுதான் நடந்தது. மேடையேற விண்ணப்பித்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்களைப் பற்றி ஏதாவது புகார் உண்டா என்று தேட சாட்ஜிபிடியைப் பயன்படுத்தினார்கள். முடிவுகளை ஆட்களும் சரிபார்த்ததாகச் சொன்னார்கள், தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் ஹியூகோ விருதைக் கவனித்துக்கொண்டிருந்தவர்கள் உட்படச் சிலர் பொறுப்பிலிருந்து விலகினார்கள். தங்கள் புத்தகங்களை அனுமதியில்லாமல் தின்று வளர்ந்த கருவி என்று எழுத்தாளர்கள் கோபமாக இருக்கும் நேரத்தில், அவர்களையே அதைக் கொண்டு சல்லடை போட்டால் என்ன ஆகும்? அங்கே மிச்சப்பட்ட நேரத்தைவிட விளக்கம் சொல்லிச் செலவான நேரம்தான் அதிகம் இருக்கும்.

விளக்கம் சொல்லாமலே இருப்பது அதைவிட மோசம். 2023இல் சீனாவின் செங்டுவில் நடந்த மாநாட்டின் ஹியூகோ புள்ளிவிவரங்கள் 2024 ஜனவரியில் வெளிவந்தபோது, உறுப்பினர்களிடம் போதுமான பரிந்துரை பெற்ற சில படைப்புகளும் ஆட்களும் ‘தகுதியில்லை’ என்று நீக்கப்பட்டிருந்தது தெரிந்தது. காரணம் எதுவும் எழுதப்படவில்லை. அந்தச் சந்தேகம் விருதின் மேலேயே படிந்தது. அதே 2024இல் மாநாட்டை நடத்திய கிளாஸ்கோ குழுவுக்கும் ஒரு சிக்கல் வந்தது: ஹியூகோவுக்குப் போலி உறுப்பினர்கள் போட்டதாகத் தெரிந்த 377 வாக்குகள். மொத்த வாக்கில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. அவர்கள் முடிவு அறிவிப்பதற்கு முன்பே இதை வெளியில் சொன்னார்கள்: இத்தனை வாக்கை நீக்கினோம், இதனால்தான் நீக்கினோம், இதனால் பயன்பெற இருந்தவருக்கு இது தெரியும் என்று எந்த ஆதாரமும் எங்களிடம் இல்லை. யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை.

அறை அளவு இன்னொரு நிரந்தரத் தலைவலி. 2017 ஹெல்சிங்கியில் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம். தீயணைப்பு விதிப்படி அறையில் நின்றுகொண்டோ தரையில் உட்கார்ந்தோ கேட்க முடியாது. முதல் நாள் வாசலோடு திரும்பியவர்கள் நிறைய. அப்புறம் கூடுதல் அறைகள் ஏற்பாடு செய்தார்கள். 2019 டப்ளினில் நிகழ்ச்சிகள் இரண்டு கட்டடங்களில்; நடுவில் டிராமில் போக வேண்டிய தூரம். அங்கேயும் வரிசை, வரிசை, வரிசை. பேசுகிறவரின் புகழைப் பார்த்து மட்டும் அறை ஒதுக்கக் கூடாது. ‘எழுதத் தொடங்குவது எப்படி’ போன்ற தலைப்புக்குப் பேசுகிறவர் யாரானாலும் கூட்டம் அள்ளும்.

பணத்தைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் சொல்கிறேன்: கடைசி நேரத்தில் வந்து சேர்பவர்களின் கட்டணத்தை நம்பிச் செலவு போடாதீர்கள். 1983இல் பால்ட்டிமோர் வேர்ல்ட்கான் கடனில்தான் முடிந்தது.

விதிமுறைகளும் அளவோடு இருக்கட்டும். மாநாட்டில் நடக்கும் மாறுவேடப் போட்டியின் விதிகளில் வேர்க்கடலை வெண்ணெய் கூடாது என்ற வரியைப் பார்த்தால் சிரிப்பு வரும். 1972இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒருவர் உடம்பெல்லாம் அதைப் பூசிக்கொண்டு மேடையேறி, பக்கத்தில் இருந்தவர்களின் உடை, திரை எல்லாவற்றிலும் ஒட்டவைத்ததன் நினைவு அது. அப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதலாம். நடக்காததையெல்லாம் கற்பனை செய்து ஐம்பது பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள், உண்மையில் தேவையான நடத்தை விதிகளையும் சேர்த்தே தாண்டிப்போவார்கள்.

போகிறவர்கள் பக்கம்

சினிமாவுக்குப் போவது போல நினைத்துக் கடைசி மாதத்தில் பதிவு செய்வது முதல் தவறு. நீங்கள் கட்டுவது உறுப்பினர் சந்தா. ஹியூகோவுக்குப் பரிந்துரைப்பதும் வாக்களிப்பதும் உறுப்பினர்களே. இரண்டு வருடம் கழித்து எந்த ஊர் என்று முடிவு செய்வதும் அவர்களே. அதற்குத் தனியாக ஒரு சிறு வாக்குக் கட்டணம் உண்டு. இறுதிப் பட்டியலில் வந்த கதை, நாவல்களில் பெரும்பாலானவற்றைப் பதிப்பாளர்கள் மின்நூலாக உறுப்பினர்களுக்கு அனுப்ப அனுமதிப்பது வழக்கமாகிவிட்டது. சந்தாக் காசுக்கு அதுவே ஈடு. தாமதமாகச் சேர்ந்தால் இதில் பெரும்பகுதி போச்சு, கட்டணமும் ஏறியிருக்கும். மேடையில் பேசுகிறவரும், மேசை தூக்கிப் போடுகிறவரும் உங்களைப் போலவே சந்தா கட்டித்தான் வந்திருக்கிறார்கள். கௌரவ விருந்தினர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. கணக்கு முடித்து மிச்சம் இருந்தால் உழைத்தவர்களுக்குத் திருப்பித் தருவார்கள். இது தெரிந்தவர் உதவி மேசையில் போய்க் குரலை உயர்த்த மாட்டார்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போவதாக இருந்தால் விசாதான் முதல் வேலை. அமெரிக்க விசா நேர்காணலுக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டி வரலாம். பிரிட்டனுக்கு நேர்மாறு: பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்கவே முடியாது. 2026க்கு லாஸ் ஏஞ்சலஸ் அருகில் அனஹைம், 2027க்கு மான்ட்ரியால் என்று இடங்கள் முன்கூட்டியே முடிவாகிவிடுவதால், ஊர் அறிவித்த அன்றே கணக்குப் போடத் தொடங்கலாம். விசா கைக்கு வருவதற்கு முன் பணம் திரும்பாத விமான டிக்கெட்டை எடுக்காதீர்கள்.

தங்குமிடத்தில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. அமெரிக்காவில் மாநாட்டுக் குழு ஹோட்டலோடு ஓர் ஒப்பந்தம் போடும்: எங்கள் ஆட்கள் இத்தனை அறை எடுப்பார்கள், பதிலுக்குக் கூட்ட அறைகளை எங்களுக்குக் குறைந்த வாடகையில், முடிந்தால் இலவசமாகக் கொடு என்று. சொன்ன அளவுக்கு அறை போகவில்லை என்றால் குழு நஷ்டஈடு கட்ட வேண்டும். அதே ஹோட்டலில் பயண இணையதளம் வழியாகக் கொஞ்சம் மலிவாக அறை எடுத்தால், அது குழுவின் கணக்கில் சேராமல் போகலாம். நீங்கள் மிச்சம் பிடித்தது அவர்களுக்கு நஷ்டம். மாநாட்டின் பதிவுப் பக்கம் வழியாக எடுப்பதே சரி. அது திறந்ததும் எடுக்க வேண்டும், அரங்குக்குப் பக்கத்தில் உள்ள அறைகள் சீக்கிரம் தீரும். முடியாதென்றால் அறை பகிர ஆள் தேடுங்கள். தூரத்தில் மலிவாக எடுத்துக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் பயணம் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மதியம் அரை மணி நேரம் கால் நீட்டிப் படுக்க ஓர் இடம் இருப்பதற்குத்தான் அந்தக் காசு.

மாநாடு தொடங்கும் நாளில் போய் இறங்குவதும் கூடாது. கோடையில் சென்னைக்கும் கலிபோர்னியாவுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். பகல் அப்படியே ராத்திரி. ஒரு நாள் முன்னால் போனால் தூக்கம் கொஞ்சம் பழகும், நீளமான வரிசைக்கு முன்பே அடையாள அட்டையையும் வாங்கிவிடலாம்.

நிரலைப் பார்த்ததும் காலை ஒன்பதிலிருந்து இரவு பதினொன்று வரை இடைவெளி இல்லாமல் குறித்துக்கொள்வது புதியவர்கள் எல்லாரும் செய்வது. நாளைக்கு மூன்று அல்லது நான்கு நிகழ்ச்சி போதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வைத்துக்கொள்ளுங்கள். அறை நிரம்பிவிட்டால் வாசலில் நின்று மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. எழுத்தாளர் ஒருவரோடு பத்துப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் சிறு சந்திப்புகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். இதற்கு முன்பதிவு வேண்டும், திறந்த சில நிமிடத்தில் நிரம்பும். பெரிய பெயருக்கு ஓடாமல் நீங்கள் படித்து ரசித்த, அவ்வளவாக அறியப்படாத ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் இடமும் கிடைக்கும், பேச்சும் நன்றாக இருக்கும்.

இந்த மாநாடுகளில் பழைய விதி ஒன்று உண்டு, ஐந்து–இரண்டு–ஒன்று: நாளைக்குக் குறைந்தது ஐந்து மணி நேரத் தூக்கம், இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு குளியல். ஐந்து போதாது, ஆறு என்பவர்களும் உண்டு. குளியலையும் விதியில் சேர்த்திருக்கிறார்களே என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தோன்றும். மூன்றாம் நாள் மாலை லிப்டில் ஏறினால் காரணம் புரியும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் மாநாட்டு அரங்கின் உணவுக் கடைகளை நம்ப வேண்டாம், விலையும் அதிகம். பக்கத்தில் மளிகைக் கடை எங்கே என்று முதல் நாளே பார்த்துவைத்துவிடுங்கள். மாநாட்டுக்குப் போய்வந்தால் வரும் சளி, காய்ச்சலுக்குத் தனிப் பெயரே வைக்கும் அளவுக்கு அது சகஜம். 2022 சிகாகோவில் முகக்கவசத்தைக் கட்டாயமாகவே வைத்திருந்தார்கள். விதி இல்லாவிட்டாலும் நெருக்கமான அறைகளில் போட்டுக்கொள்வது நல்லது.

கலந்துரையாடல் அறையில் நடக்கும் ஒன்றைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கேள்வி நேரம். ஒருவர் எழுகிறார். தன்னார்வலர் மைக்கை நீட்டுகிறார். ‘வேண்டாம், என் குரல் நல்லாவே கேட்கும்’ என்று அவர் கையைத் தட்டிவிடுகிறார். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும்தான். கடைசி வரிசையில் காதுக் கருவி வைத்திருப்பவருக்கும், திரையில் ஓடும் எழுத்தைப் பார்த்துப் பின்தொடர்பவருக்கும், வீட்டிலிருந்து இணையத்தில் பார்ப்பவருக்கும் கேட்காது. மைக்கைக் கையில் வாங்கியதும், ‘இது கேள்வி இல்லை, ஒரு கருத்து’ என்று இரண்டு நிமிடம் பேசுகிறவர் அடுத்த ரகம். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் கேள்விக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும்; நான்கு பேர் கேட்கக்கூடியதை ஒருவரே விழுங்கிவிடுகிறார். நிகழ்ச்சி முடிந்ததும் மேடையை மொய்க்காமல் பேச்சாளரோடு வெளியே வந்து பேசுங்கள். அடுத்த குழு உள்ளே வரக் காத்திருக்கும். தாழ்வாரத்தில் சக்கர நாற்காலிக்காக நாடா ஒட்டிய பாதை இருந்தால் அதை மறித்து நிற்காதீர்கள். வேடமிட்டு வந்தவரைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். கையெழுத்துக்கு அதற்கான நேரம் உண்டு, கழிவறை வாசல் அதற்கான இடமில்லை.

தனியாகப் போகிறவர்கள் சுவரோரம் நின்றே ஐந்து நாளையும் கழித்துவிடுவதும் நடக்கும். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல மருந்து, இரண்டு மூன்று மணி நேரம் தன்னார்வலராகச் சேர்வது. முன்அனுபவம் வேண்டாம், பதிவு மேசையில் பை எடுத்துக் கொடுக்கலாம், ஓவியக் கண்காட்சியில் வாசல் பார்க்கலாம். அன்று மாலை உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட நான்கு பேர் இருப்பார்கள். பிரிட்டனில் நடக்கும் மாநாடுகளில் வேலை செய்த நேரத்துக்கு ‘க்ரோட்’ என்ற விளையாட்டு நோட்டும் தருவார்கள், அதை வைத்து விற்பனைக் கூடத்தில் புத்தகம் வாங்கலாம்.

ஊர் திரும்பும் விமானத்தைக் கடைசி நாள் மதியத்துக்கு எடுக்காதீர்கள். நிறைவு விழா முடிந்த கையோடு ஓவியப் பலகைகளைக் கழற்ற வேண்டும், நாற்காலி எண்ண வேண்டும், பெட்டிகளை வண்டியில் ஏற்ற வேண்டும். அரங்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கும், பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். மாநாடு முழுவதிலும் ஆள் மிகக் குறைவாக இருப்பது அந்த மூன்று நான்கு மணி நேரத்தில்தான். அது முடிந்ததும் இரவில் ஒரு விருந்து உண்டு. பெட்டி தூக்கியவர்களோடு சேர்ந்து நீங்களும் போகலாம்.